ஐந்தரையைக் கழித்தால் போதாது: மென்பொருளில் நேர மண்டலத்தையும் கோடைகால நேரத்தையும் கையாளும் முறை

நாகர்கோவில் மணிமேடைக் கடிகாரத்தை ஆண்டுக்கு இரண்டு முறை ஒரு மணி நேரம் முன்னும் பின்னும் திருப்பி வைக்கும் வேலை நம் தலைமுறையில் எவருக்கும் வாய்த்ததில்லை. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் ஒரு மணி நேரம் முன்தள்ளி வைக்கப்பட்டிருந்த இந்தியக் கடிகாரம் 1945 அக்டோபர் 15 அன்று பழைய நிலைக்குத் திரும்பியது; அதன்பின் அது நகரவே இல்லை. ஆகவே இந்த மாவட்டத்தில் அமர்ந்து நிரல் எழுதும் ஒருவருக்கு, இந்திய நேரத்திலிருந்து ஐந்தரை மணி நேரத்தைக் கழித்தால் யூடிசி (UTC, உலகக் கடிகாரங்களுக்கெல்லாம் அடிப்படையான பொது நேரம்) என்பது பெருக்கல் வாய்ப்பாடு போல மனத்தில் பதிந்துவிடுகிறது. அந்த வாய்ப்பாடு நமக்கு எப்போதும் சரியாக இருப்பதுதான் சிக்கல். துபாய்க்கு ஒன்றரை மணி, குவைத்துக்கு இரண்டரை மணி என்று வளைகுடாவில் இருக்கும் உறவினர்களுக்காக நாம் போடும் கணக்கும் ஆண்டு முழுவதும் மாறுவதில்லை, ஏனெனில் கோடை மாதங்களில் கடிகாரத்தை முன்தள்ளி வைக்கும் கோடைகால நேரம் அங்கும் இல்லை. நம் மென்பொருளை நியூ ஜெர்சியிலோ லண்டனிலோ ஒருவர் திறக்கும் நாளில்தான் அந்த வாய்ப்பாடு உடைகிறது.

எழுதத் தொடங்கும் முன் கேட்க வேண்டியது

மென்பொருளில் நாம் ‘நேரம்’ என்று ஒரே சொல்லால் குறிப்பவை உண்மையில் மூன்று வெவ்வேறு பொருள்கள். ஒரு கட்டணம் செலுத்தப்பட்டது, ஒரு செய்தி அனுப்பப்பட்டது என்பவை நடந்து முடிந்த கணங்கள். உலகின் எந்த ஊரிலிருந்து பார்த்தாலும் அந்தக் கணம் ஒன்றுதான், அதைக் குறிக்கும் கடிகார எண் மட்டுமே ஊருக்கு ஊர் வேறுபடும். இனி நடக்கவிருக்கும் ஒரு சந்திப்போ திருமண முகூர்த்தமோ அப்படிப்பட்டதன்று. அது ஒரு குறிப்பிட்ட ஊரின் சுவர்க்கடிகாரம் காட்டப்போகும் எண்ணைப் பற்றிய வாக்குறுதி. பிறந்த தேதி, விடுமுறை நாள் போன்றவை மூன்றாவது வகை. அவற்றில் மணியும் இல்லை, மண்டலமும் இல்லை. தரவுத்தளத்தில் ஒரு புதிய நேர நெடுவரிசையைச் சேர்க்கும்போதெல்லாம் இது இம்மூன்றில் எது என்று கேட்டுவிட்டு அதற்கேற்ற வகையைத் தேர்ந்தெடுப்பவர், பின்னால் வரக்கூடிய பிழைகளில் பெரும்பாலானவற்றை அங்கேயே தடுத்துவிடுகிறார்.

நடந்து முடிந்த கணங்களை யூடிசியில் சேமியுங்கள். சர்வரின் கடிகார மண்டலமும் யூடிசியாகவே இருக்கட்டும். கணினிகளுக்கிடையே அனுப்பும்போது, 2026-03-08T07:00:00Z என்பது போல் இறுதியில் Z என்னும் யூடிசிக் குறியோ, யூடிசியிலிருந்து எவ்வளவு விலகியது என்று காட்டும் +05:30 போன்ற வேறுபாடோ ஒட்டிய வடிவத்திலேயே அனுப்புங்கள். அந்த ஒட்டு இல்லாத நேரம், முகவரி எழுதாத கடிதத்துக்குச் சமம். பயனரின் திரைக்கு அனுப்பும் கடைசிப் படியில் மட்டுமே ஊர் நேரத்துக்கு மாற்ற வேண்டும். போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் ‘நேர மண்டலத்துடன் கூடிய டைம்ஸ்டாம்ப்’ என்னும் வகையின் பெயர் பலரை ஏமாற்றுகிறது: அது மண்டலத்தைச் சேமிப்பதில்லை, கொடுத்த நேரத்தை யூடிசிக்கு மாற்றி வைத்துக்கொண்டு, கேட்கும் இணைப்பின் மண்டலத்துக்கு மாற்றித் தருகிறது. மூல மண்டலம் தேவையென்றால் அதைத் தனி நெடுவரிசையில் நீங்களே எழுத வேண்டும். மைஎஸ்க்யூஎல் என்னும் மற்றொரு தரவுத்தளத்தில் டைம்ஸ்டாம்ப் வகை 2038 ஜனவரி 19 வரைதான் செல்லும். நீண்டகாலக் கடன் தவணைகளைக் கையாள்பவர்கள் இப்போதே அந்தச் சுவரில் முட்டிக்கொள்வார்கள்.

யூடிசியில் சேமித்துவிட்டால் எல்லாம் தீர்ந்தது என்று நானும் ஒரு காலத்தில் நம்பினேன். தோவாளைப் பூச்சந்தையில் கமிஷன் கடை வைத்திருக்கும் ஒருவருக்கு அன்றாட விற்பனைக் கணக்கு எழுதும் ஒரு சிறு மென்பொருளைச் செய்து கொடுத்திருந்தேன். ஒவ்வொரு விற்பனையும் யூடிசியில் ஒழுங்காகச் சேமிக்கப்பட்டது. திரையில் காட்டும்போது இந்திய நேரத்துக்கு ஒழுங்காக மாறியது. ஆனால் ‘இன்றைய மொத்தம்’ என்ற அறிக்கையை எழுதும்போது, சேமித்த நேரத்திலிருந்து தேதியை மட்டும் வெட்டியெடுத்து அதன்படி தொகுத்திருந்தேன். இந்தியாவில் நள்ளிரவு 12 மணி என்பது யூடிசியில் முந்தைய நாள் 18:30. ஆகவே நள்ளிரவு முதல் காலை 5.30 வரை நடந்த விற்பனை முழுவதும் முந்தைய நாள் கணக்கில் போய் விழுந்தது. பகலில் வியாபாரம் நடக்கும் துணிக்கடையாக இருந்திருந்தால் இந்தப் பிழை ஆண்டுக்கணக்கில் வெளியே தெரிந்திருக்காது. விடியும் முன்பே பாதி வியாபாரம் முடிந்துவிடும் பூக்கடையில், அதுவும் கேரளத்துக்கு மூட்டை மூட்டையாகப் பூ ஏறும் ஓணக் காலத்தில், அது மறைந்திருக்க வழியில்லை. “தம்பி, இன்னைக்கு ஏத்துன பிச்சிப்பூ நேத்தைக்குள்ள கணக்குல எப்படி வந்து கெடக்கு?” என்று அவர் கேட்டபோது, முதலில் அவர் தவறாகப் பதிந்திருப்பார் என்றுதான் நினைத்தேன். திருத்தம் ஒரு வரிதான்: தேதியை வெட்டியெடுக்கும் முன் நேரத்தை இந்தியாவுக்குரிய ஆசியா/கொல்கத்தா மண்டலத்துக்கு மாற்ற வேண்டும். ‘நாள்’ என்பது எப்போதும் ஏதோ ஓர் ஊரின் நாள். அது எந்த ஊர் என்று சொல்லாமல் நாள்வாரியாக எதையும் தொகுக்க இயலாது.

வேறுபாடு வேறு, மண்டலம் வேறு

+05:30 என்பது ஒரு வேறுபாடு. ஆசியா/கொல்கத்தா என்பது ஒரு மண்டலம். நமக்கு இரண்டும் ஒன்றாகவே தோன்றும். ஆனால் அமெரிக்கா/நியூயார்க் என்னும் மண்டலம் குளிர்காலத்தில் -05:00 ஆகவும் கோடையில் -04:00 ஆகவும் இருக்கிறது. நமக்கும் அவர்களுக்கும் உள்ள இடைவெளி பத்தரை மணியிலிருந்து ஒன்பதரை மணியாகச் சுருங்குகிறது. காலை 9 மணிக்கு அவர்கள் நடத்தும் கூட்டம் நமக்கு ஜனவரியில் இரவு 7.30, ஜூலையில் மாலை 6.30. பயனரின் சுயவிவரத்தில் வேறுபாட்டை எண்ணாகச் சேமித்தால் ஆண்டில் பாதி நாள்கள் தவறான நேரம் காட்டுவீர்கள். மண்டலத்தின் பெயரைச் சேமித்தால் மட்டுமே நூலகம் (நேரக் கணக்குக்கென முன்பே எழுதிவைக்கப்பட்ட நிரல் தொகுப்பு) அந்தந்தத் தேதிக்குரிய வேறுபாட்டைக் கணக்கிட முடியும்.

அந்தப் பெயர்களும் அவற்றின் வரலாறும் இணையத்தின் பெயர்களையும் எண்களையும் நிர்வகிக்கும் ஐஏஎன்ஏ (IANA) அமைப்பின் நேர மண்டலத் தரவுத்தளத்தில் உள்ளன. ஆர்தர் டேவிட் ஓல்சன் தொடங்கி, பின்னர் பால் எக்கர்ட் பராமரித்துவரும் இந்தத் தொகுப்பைத்தான் லினக்ஸ், ஆண்ட்ராய்டு, ஜாவா, பைத்தான் ஆகிய அனைத்தும் நம்பியிருக்கின்றன. இதில் நம் மண்டலத்தின் பதிவைப் படிப்பது சுவையானது: 1906-க்கு முன் மதராஸ் நேரமான 5 மணி 21 நிமிடம் 10 விநாடி, பின்னர் ஐந்தரை, போர்க்காலத்தில் ஆறரை என்று அது செல்கிறது. ஜாதகம் கணிக்கும் மென்பொருள் எழுதுவோர் இதைக் கவனிக்க வேண்டும். 1943-இல் பிறந்த ஒருவரின் நேரத்தை நூலகத்திடம் கொடுத்தால் அது ஆறரையைக் கழிக்கும். கையால் ஐந்தரையைக் கழித்தால் லக்கினமே மாறிப்போகக்கூடும்.

இதே வரலாற்றுப் பதிவு பைத்தானில் ஒரு விந்தையான பிழையையும் உண்டாக்குகிறது. பைட்ஸ் (pytz) என்னும் பழைய நூலகத்தின் மண்டலத்தை நேரடியாகத் தேதிப் பொருளுக்குள் செலுத்தினால், அது பட்டியலின் முதல் வரியான கொல்கத்தாவின் உள்ளூர் சராசரி நேரத்தை, அதாவது ஐந்து மணி 53 நிமிடத்தை, எடுத்துக்கொள்கிறது. காலை 10 மணி என்று பதிந்தது திரையில் 9.37 என்று வரும். உங்கள் மென்பொருளில் காரணமே இல்லாமல் 23 நிமிட வித்தியாசம் தென்பட்டால் வேறெங்கும் தேட வேண்டாம். பைத்தான் 3.9 முதல் உடன் வரும் ஸோன்இன்ஃபோ (zoneinfo) நூலகத்துக்கு மாறிவிடுவதே நல்லது.

சில நிரலாளர்கள் கைப்பேசி தரும் தீர்க்கரேகையை 15-ஆல் வகுத்து மண்டலத்தைக் கண்டுபிடிக்க முயல்கிறார்கள். இந்திய நேரம் மிர்சாபூர் வழியாகச் செல்லும் 82.5 பாகைத் தீர்க்கரேகையைக் கொண்டு அமைந்தது. கன்னியாகுமரியோ ஏறத்தாழ 77.5 பாகையில் இருக்கிறது. பாகைக்கு நான்கு நிமிடம் என்ற கணக்கில், முக்கடல் முனையில் சூரியன் உச்சிக்கு வருவது சராசரியாக 12.20 வாக்கில்தான். கடிகாரம் சூரியனைக் கேட்டு ஓடுவதில்லை, அரசாணையைக் கேட்டு ஓடுகிறது. உலாவியிலிருந்து மண்டலத்தின் பெயரையே கேட்டு வாங்குங்கள். பயனர் அதை மாற்றிக்கொள்ளவும் இடம் கொடுங்கள். குரோம் உலாவி நம் மண்டலத்தை ஆசியா/கல்கத்தா என்ற பழைய பெயரில் தரலாம். அது பிழையன்று, அதே மண்டலத்தின் மாற்றுப்பெயர். ஆனால் எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும் நிரல் அதை வேறு மண்டலம் என்று எண்ணிக்கொள்ளும்.

கடிகாரம் தாவும் நாள்கள்

அமெரிக்காவில் மார்ச் மாதத்தின் இரண்டாம் ஞாயிறன்று தொடங்கும் கோடைகால நேரம் நவம்பரின் முதல் ஞாயிறன்று முடிகிறது. ஐரோப்பாவில் மார்ச்சின் கடைசி ஞாயிறு முதல் அக்டோபரின் கடைசி ஞாயிறு வரை. 2026-இல் அமெரிக்கா மார்ச் 8 அன்றும் ஐரோப்பா மார்ச் 29 அன்றும் மாறுகின்றன. இடைப்பட்ட மூன்று வாரங்களில் நியூயார்க்குக்கும் லண்டனுக்கும் வழக்கமான ஐந்து மணிக்குப் பதில் நான்கு மணி நேர இடைவெளிதான் இருக்கும். சிட்னி ஏப்ரலின் முதல் ஞாயிறன்று எதிர்த்திசையில் மாறும். அதே நாட்டின் பிரிஸ்பேன் மாறவே மாறாது. அமெரிக்காவிலும் ஹவாயும், நவஹோ பழங்குடியினரின் பகுதி நீங்கலாக அரிசோனாவும் மாறுவதில்லை. இந்த விதிகளை நிரலில் நீங்களே எழுத முனைய வேண்டாம் என்பதற்காகவே இவ்வளவையும் சொல்கிறேன்.

மாற்றம் நிகழும் அந்த நிமிடத்தை அருகிலிருந்து பார்க்கலாம். 2026 மார்ச் 8 அன்று நியூயார்க்கில் அதிகாலை 1.59-க்கு அடுத்த நிமிடம் 3.00. நமக்கு அப்போது பகல் 12.30. அன்று அங்கே 2.30 என்ற நேரமே இல்லை. ஆனால் உங்கள் படிவத்தில் ஒருவர் அதைத் தேர்ந்தெடுக்க முடியும். நவம்பர் 1 அன்று இதற்கு நேர்மாறாக, 1.30 இரண்டு முறை வரும்: நம் காலை 11.00 மணிக்கு ஒருமுறை, நண்பகல் 12.00 மணிக்கு மறுமுறை. இல்லாத நேரத்தைக் கொடுத்தால் ஜாவாவின் புதிய நேர நூலகம் அதை ஒரு மணி நேரம் முன்தள்ளி 3.30 ஆக்குகிறது, இருமுறை வரும் நேரத்தில் முந்தையதை எடுத்துக்கொள்கிறது. பைத்தான் எந்த முறை என்று குறிக்க ஃபோல்டு என்னும் ஒரு பண்பைத் தருகிறது. எதைப் பயன்படுத்தினாலும், நூலகம் மௌனமாக எடுக்கும் முடிவு உங்கள் பயனருக்கு ஏற்றதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். மருத்துவ முன்பதிவு போன்றவற்றில் “அன்று இந்த நேரம் இல்லை, வேறு நேரம் தேர்ந்தெடுக்கவும்” என்று சொல்லிவிடுவதே நேர்மை.

இன்னொரு விளைவு: அந்த மார்ச் ஞாயிறு 23 மணி நேரமே நீளும், நவம்பர் ஞாயிறு 25 மணி நேரம் நீளும். ‘நாளை இதே நேரம்’ என்பதற்கு 24 மணி நேரத்தைக் கூட்டுவது தவறு. ஊர் நேரத்தில் தேதியை ஒன்று கூட்டிவிட்டுத்தான் யூடிசிக்கு மாற்ற வேண்டும். நள்ளிரவு தாண்டி 2.30-க்கு ஓடும்படி அமெரிக்க நேரத்தில் அமைத்த இரவுப்பணியும் இதனால்தான் ஒரு நாள் ஓடாமல் போகிறது.

எதிர்கால நேரத்தை எவ்வாறு வைப்பது

தக்கலையில் ஒரு திருமணம், முகூர்த்தம் காலை 10.30, நேரலை இணைப்பு உண்டு என்று வைத்துக்கொள்வோம். இதை நீங்கள் யூடிசி 05:00 என்று மட்டும் சேமித்தால், இந்தியாவைப் பொறுத்தவரை தீங்கு நேராது. ஆனால் அதே மென்பொருளில் கெய்ரோவிலோ மெக்சிகோ நகரிலோ ஒரு நிகழ்ச்சியைப் பதிந்திருந்தால் கதை வேறு. மெக்சிகோ 2022 அக்டோபரில் கோடைகால நேரத்தைப் பெரும்பாலான பகுதிகளில் ஒழித்தது. எகிப்து 2023-இல் அதை மீண்டும் கொண்டுவந்தது. லெபனான் அதே ஆண்டு மார்ச்சில், கடிகாரம் மாற வேண்டிய நாளுக்குச் சில நாள்களே இருக்கையில் மாற்றத்தைத் தள்ளிவைத்து, பிறகு அந்த முடிவையும் கைவிட்டது. இடையில் நாட்டுக்குள்ளேயே இரண்டு நேரங்கள் ஓடின. நமக்கு அருகில் இலங்கையும் 1996-இல் ஐந்தரையை விட்டு விலகி 2006 ஏப்ரலில்தான் திரும்பி வந்தது. விதி மாறினாலும் விருந்தினர் மண்டபத்துக்கு வருவது அந்த ஊர்ச் சுவர்க்கடிகாரத்தின்படிதான். எனவே எதிர்கால நிகழ்ச்சிக்கு ஊர் நேரத்தையும் மண்டலத்தின் பெயரையும் மூலமாகச் சேமித்து, வரிசைப்படுத்தவும் நினைவூட்டல் அனுப்பவும் தேவைப்படும் யூடிசி நேரத்தை அதிலிருந்து பெறப்பட்டதாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்; மண்டலத் தரவுத்தளம் புதுப்பிக்கப்படும்போது அதை மறுபடி கணக்கிடலாம். அந்தத் தரவுத்தளத்தைப் புதுப்பிப்பதையும் மறந்துவிடக் கூடாது. மென்பொருளை அதற்குத் தேவையானவற்றோடு பொதிந்து ஓட்டும் கன்டெய்னர்களில் மிகச் சிறியவற்றில் அது இல்லாமலேயே போவதும் உண்டு.

வெறும் தேதிகளுக்கு மணியை ஒட்டவே கூடாது. ஜாவாஸ்கிரிப்ட்டில் இதன் இரு முகங்களையும் காணலாம். ஆகஸ்ட் 15 என்ற தேதியை உள்ளூர் நள்ளிரவாக உருவாக்கி யூடிசிக்கு மாற்றினால் நம் கணினியில் ஆகஸ்ட் 14, 18:30 என்று வரும். பிறந்த தேதி ஒரு நாள் முந்திவிடும். அதையே ‘2025-08-15’ என்ற எழுத்துச் சரமாகக் கொடுத்தால் அது யூடிசி நள்ளிரவாகப் படிக்கப்படும். நமக்கு அதே நாள் காலை 5.30 என்பதால் திரையில் எதுவும் தவறாகத் தெரியாது, அமெரிக்காவில் இருப்பவருக்கு மட்டும் 14 என்று தெரியும். இரண்டாவது வகையைத்தான் நாம் அதிகம் அனுப்பி வைக்கிறோம்.

திரையில் எழுதும் முறை

மூன்றெழுத்துச் சுருக்கங்களை நம்பாதீர்கள். நாம் ‘ஐஎஸ்டி’ என்று எழுதுவதை இஸ்ரேலியர் தம் நேரம் என்றும் அயர்லாந்துக்காரர் தம் கோடைகால நேரம் என்றும் படிக்கலாம். ஊரின் பெயரைச் சொல்லிவிடுவதே தெளிவு. நாகர்கோவில் மருத்துவர் ஒருவரைக் காணொளியில் சந்திக்கவிருக்கும் துபாய்வாசிக்கு, “மாலை 5.00, இந்திய நேரம் – உங்கள் ஊரில் பிற்பகல் 3.30” என்று இரண்டையும் ஒரே வரியில் காட்டுங்கள். விமானப் பயணத்தில் மட்டும் பயனரின் மண்டலத்துக்கு மாற்றவே கூடாது. புறப்பாடும் வருகையும் அந்தந்த விமான நிலையத்தின் நேரத்திலேயே இருக்க வேண்டும். திருவனந்தபுரத்திலிருந்து நள்ளிரவு கடந்து புறப்படும் விமானத்துக்கு ஒரு நாள் தாமதமாகப் போய் நின்றவர்களின் கதை நம் ஊர்களில் தெருவுக்கு ஒன்று இருக்கும்.

அந்தக் கதைகளுக்குக் காரணம் நம் மொழிவழக்கிலும் இருக்கிறது. விடியும்வரை நாம் முந்தைய நாளின் இரவையே பேசிக்கொண்டிருப்போம். ‘சனிக்கிழமை இரவு 12.40’ என்றால் சனி பிறந்த நள்ளிரவா, சனி கழிந்த நள்ளிரவா என்பது கேட்பவரைப் பொறுத்தது. ஆகவே நள்ளிரவை ஒட்டிய நேரங்களில் “ஞாயிறு 00.40, சனி இரவு கழிந்து” என்று வெளிப்படையாக எழுதுவதை நான் விரும்புகிறேன். தமிழில் பொழுதின் பெயர் எண்ணுக்கு முன்னால் வரும் என்பதையும், இரண்டே பிரிவுகளில் அடைத்துப் ‘பிற்பகல் 9’ என்று எழுதினால் படிப்பவர் தயங்குவார் என்பதையும் கருதுங்கள். அதிகாலை, காலை, மதியம், மாலை, இரவு என்று பொழுதுகளைப் பிரித்துக் காட்டும் வடிவமைப்பு, உலாவிகள் பயன்படுத்தும் மொழித் தரவுகளிலேயே தமிழுக்கு உண்டு. ‘மூன்று மணி நேரத்துக்கு முன்’ என்னும் ஒப்பீட்டு நேரம் அரட்டைக்குப் போதும். பணம் சம்பந்தப்பட்ட இடத்தில் முழு நேரமும் தெரிய வேண்டும்.

சோதனையும் பழைய தரவும்

அலுவலகக் கணினிகள் அனைத்தும் இந்திய நேரத்தில் இருப்பதால், இந்தப் பிழைகளில் பாதி நம் கண்ணில் படுவதே இல்லை. சோதனைகளை ஓட்டும் கணினியின் மண்டலத்தை ஒருமுறை நியூயார்க்குக்கும், ஒருமுறை ஐந்தேமுக்கால் மணி வேறுபாடு கொண்ட காத்மாண்டுவுக்கும், ஒருமுறை அரை மணி நேரம் மட்டும் தாவும் ஆஸ்திரேலியாவின் லார்டு ஹோ தீவுக்கும் மாற்றி ஓட்டிப் பாருங்கள். நிரலுக்குள் ‘இப்போது’ என்பதை நேரடியாகக் கணினியிடம் கேட்காமல் வெளியிலிருந்து கொடுக்கும்படி எழுதியிருந்தால், மேலே சொன்ன மார்ச், நவம்பர் ஞாயிறுகளை எந்த நாளிலும் சோதிக்கலாம்.

ஏற்கெனவே மண்டலம் இல்லாமல் சேமித்துவிட்ட தரவு கையில் இருந்தால், ஒரே கட்டளையில் எல்லாவற்றையும் ஐந்தரை மணி நகர்த்திவிடும் ஆசையை அடக்கிக்கொள்ளுங்கள். எந்தக் காலத்தில் எந்த சர்வர், எந்த மண்டலத்தில் ஓடியது என்று முதலில் கண்டறிய வேண்டும். பணம் செலுத்திய ரசீது, அனுப்பிய மின்னஞ்சலின் தலைப்பு போன்ற வேறொரு சாட்சியோடு சில வரிகளை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். மூல நெடுவரிசையை அழிக்காமல், மாற்றியதைப் புதிய நெடுவரிசையில் எழுதுங்கள். சர்வர் அமெரிக்க நேரத்தில் ஓடியிருந்தால், ஒவ்வொரு நவம்பரிலும் இருமுறை வந்த அந்த ஒரு மணி நேரத்து வரிகளை எந்த விதியாலும் உறுதியாகப் பிரிக்க இயலாது. வரிசை எண் ஏறுமுகமாக இருந்தால் நேரம் பின்னோக்கித் தாவும் இடத்தைக் கொண்டு ஓரளவு ஊகிக்கலாம்; மற்றவற்றில் ‘ஐயத்துக்குரியது’ என்று ஒரு குறியிட்டு, திரையிலும் அந்தக் குறியைக் காட்டிவிடுங்கள்.